டிசிஆர் ஆபரேஷனுக்கு முன் கண் வறட்சியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. ஏழெட்டு மாதமாக வலது கண்ணில் ஓயாமல் நீர் வழிகிறது, காலையில் பூளை ஒட்டிக்கொள்கிறது. கண்ணீர்ப் பாதையில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, அடைப்பு இருக்கிறது, டிசிஆர் (கண்ணீர் மூக்கில் இறங்கப் புதுவழி வெட்டும் ஆபரேஷன்) செய்ய வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு முடக்குவாதமும் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு நோய்) உண்டு. இரண்டு கண்ணிலும் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்கிறார். அடைப்பைத் திறந்துவிட்டால் கண் காய்ந்துபோகுமா? முன்னாடியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில்:

வழி இருக்கிறது. ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். முடக்குவாதம் உள்ள ஒருவர் இரண்டு கண்ணும் உறுத்துகிறது என்று சொன்னால், அடைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போவது சரியில்லை.

கன்னத்தில் வழியுமளவுக்கு நீர் இருக்கும்போது வறட்சி எங்கிருந்து வரும் என்ற குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். வடிகால் அடைத்த தொட்டியில் குழாய்த் தண்ணீர் நூலாக வந்தாலும் தொட்டி நிரம்பி வழியத்தான் செய்யும். வழிவதைப் பார்த்து, வரத்து நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. சாதாரணமாக ஒரு கண்ணின் மேல் எந்நேரமும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். நிமிடத்துக்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. கொஞ்சம் காற்றில் ஆவியாகிறது, மீதி இமை ஓரத்துத் துளைகள் வழியாக உள்ளே போய், கண்ணீர்ப்பையைக் கடந்து மூக்கில் இறங்குகிறது. சுரப்பு பாதியாகக் குறைந்தவருக்கும் வெளியேறும் வழி அடைத்துவிட்டால் நீர் தேங்கி, கண் ஈரமாகவே இருக்கும். வழியைத் திறந்த பிறகுதான் குறை வெளியே தெரியும். எரிச்சல், கூச்சம், மாலையானால் பார்வை மங்கல் என்று அப்போது தொடங்கும்.

இன்னொரு வகையும் உண்டு. கண்ணீர்ப் படலம் நிலைக்காமல் உடைந்து உடைந்து போவதால் கருவிழி உறுத்தும். அந்த உறுத்தலுக்குப் பதிலாகச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டும். வண்டியில் போகும்போது, ஏசி காற்று முகத்தில் அடிக்கும்போது, டிவியை உற்றுப் பார்க்கும்போது மட்டும் இரண்டு கண்ணிலும் நீர் வருகிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை. இவர்களுக்குப் பாதையில் கோளாறே இருக்காது. இருந்தாலும் லேசான குறுகல்தான். இவர்களுக்கு டிசிஆர் செய்தால் நீர் வடிவது நிற்காது, உறுத்தல் கூடும். உங்கள் அம்மாவுக்கு ஒரே பக்கம், வீட்டுக்குள் இருக்கும்போதும் ஓயாமல், பூளையோடு என்பதால் அடைப்பு உண்மையாகத்தான் இருக்கும். அடைப்போடு வறட்சியும் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

முதலில் வாய்ப்பேச்சிலேயே பாதி தெரிந்துவிடும். வாய் வறள்கிறதா, தண்ணீர் குடிக்காமல் ரொட்டியோ பிஸ்கட்டோ விழுங்க முடிகிறதா, சமீபத்தில் பல் அடுத்தடுத்துச் சொத்தையானதா, தாடையோரம் வீக்கம் வந்து வந்து போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடக்குவாதத்தோடு இவையும் சேர்ந்தால் ஷோகிரன் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதில் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும். ரத்தத்தில் ஆன்டி-ரோ எனப்படும் எஸ்எஸ்ஏ சோதனை செய்யலாம். 2016-ல் வந்த சர்வதேச வகைப்பாட்டில் அதற்கு 3 புள்ளி, 5 நிமிடத்தில் 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான ஷிர்மர் அளவுக்கு (வடிதாளால் கண்ணீரை அளப்பது, கீழே சொல்கிறேன்) 1 புள்ளி. மொத்தம் 4 வந்தால் ஷோகிரன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை முழுக்கப் பார்க்க வேண்டும். அலர்ஜி மாத்திரை, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான மாத்திரை, பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில் எல்லாமே கண்ணீரைக் குறைக்கும். கண் அழுத்த நோய்க்கு வருடக்கணக்கில் சொட்டு விட்டவர்களுக்கு, மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடே கண்ணின் மேற்பரப்பைக் கெடுத்திருக்கும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்தச் சிகிச்சை கண்ணீர்ப் பாதையையும் அடைக்கலாம், கண்ணையும் வறளச் செய்யலாம்.

இனிச் சோதனைகள். எவற்றைச் செய்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். பல இடங்களில் நோயாளி வந்ததும் முதல் வேலையாகக் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஊசிக்குழல் வைத்துத் தண்ணீர் அடித்துப் பார்த்துவிடுகிறார்கள். அதன்பின் அன்றைக்கு வறட்சியைச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை. உப்புநீர் கண்ணெல்லாம் பரவியிருக்கும், பையிலிருந்த சீழ் கருவிழி மேல் படிந்திருக்கும், மரப்புச் சொட்டே கருவிழியின் மேல்தோலில் பொட்டுப் பொட்டாகச் சாயம் பிடிக்கவைக்கும். ஆகவே கண்ணைத் தொடாத சோதனைகள் முதலில், தண்ணீர் அடிப்பது கடைசியில். அன்று காலை முதல் எந்தச் சொட்டும் விடாமல் போவது நல்லது. சோதனைக்கு முந்தைய 2 மணி நேரமாவது சொட்டு கூடாது.

முதலில் ஓஎஸ்டிஐ என்ற 12 கேள்விப் பட்டியல். 100-க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் வறட்சிக்கான அறிகுறி உண்டு. 33-ஐத் தாண்டினால் கடுமை. பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில், எந்தச் சாயமும் விடாமல், கீழ் இமை ஓரத்தில் நிற்கும் கண்ணீர் வரப்பின் உயரத்தைப் பார்ப்பார்கள். வழக்கமாக 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கும். அடைப்புள்ள கண்ணில் அதற்கு மேலே நிற்கும். இமை ஓரத்தில் நுரை, எண்ணெய்ச் சுரப்பி வாய்கள் அடைத்திருப்பது, இமை தளர்ந்து கண்ணீர்த் துளை வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, வெண்விழிப் படலம் மடிந்து துளையை மூடியிருப்பது என எல்லாம் இந்த ஒரு பார்வையில் பிடிபடும். அவசரப்படாத மருத்துவர் இங்கேதான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது ஃப்ளோரெசின் சாயம். சாயப் பட்டையை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்து, அதிகப்படி நீரை உதறிவிட்டு, கீழ் இமையின் உட்பக்கம் மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும். சாயம் அதிகமானால் படலம் தடித்துப்போய்க் கணக்குத் தவறும். நாலைந்து முறை இமைத்துவிட்டுக் கண்ணை விழித்தபடி இருக்கச் சொல்வார்கள். நீல ஒளியில் பச்சையாகத் தெரியும் படலத்தில் முதல் கரும்புள்ளி எத்தனை நொடியில் விழுகிறது என்பதே கணக்கு. மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டால் நம்பலாம். 10 நொடிக்குக் கீழே போனால் படலம் நிலையில்லை. 5-க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். அதே சாயத்தைக் கொண்டு இரண்டு நிமிடம் கழித்துக் கருவிழியில் பொட்டுகளை எண்ணலாம். ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு கண்ணையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுச் சாயம் எந்தக் கண்ணில் தேங்கி நிற்கிறது என்று பார்க்கலாம். அடைப்பையும் வறட்சியையும் ஒரே சாயத்தில் பார்த்துவிடுகிற இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய கருவி எதுவும் இல்லாத சின்ன ஊர் கிளினிக்கிலும் நீல விளக்கு இருந்தால் முடியும்.

சாயம் எங்கே பிடித்திருக்கிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். விழி திறந்திருக்கும் இடைவெளியில், கருவிழிக்கு இருபுறமும் வெண்விழியில் பொட்டுகள் இருந்தால் நீர்ச் சுரப்புக் குறைவை யோசிக்க வேண்டும். கருவிழியின் கீழ் ஓரத்தில் மட்டும் இருந்தால் இமை சரியாக மூடாதது, இமை ஓர அழற்சி, சொட்டு மருந்தின் நச்சு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு ஷிர்மர். 1903-ல் ஜெர்மானியரான ஓட்டோ ஷிர்மர் எழுதியது. இன்றும் மலிவான சோதனைகளில் ஒன்று. 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளமுள்ள வடிதாள். முனையை உறையோடு சேர்த்தே மடிக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால் தாள் நீரை ஒழுங்காக உறிஞ்சாது. கீழ் இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில், கருவிழியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். 5 நிமிடம் கழித்து எடுத்து, மடிப்பிலிருந்து ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள். மரப்புச் சொட்டு விடாமல் 10 மி.மீ.க்குக் கீழே வந்தால் குறைவு, 5-க்குக் கீழே வந்தால் கடுமையான குறைவு. இந்தச் சோதனை ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்று என்று மாறக்கூடியது. அதனால் ஒரே ஒரு தாளை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. சந்தேகமென்றால் வேறொரு நாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

பலர் தவறுவது இந்த அளவைப் படிக்கும்போதுதான். அடைப்புள்ள கண்ணில் தாள் 20 மி.மீ. நனைந்தது என்றால் அது நல்ல செய்தி என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே தேங்கிக் கிடந்த நீரைத்தான் தாள் குடித்திருக்கிறது. சுரப்பு எவ்வளவு என்று அது சொல்லவில்லை. மாறாக, அடைத்த கண்ணிலேயே 4 மி.மீ. தான் என்று வந்தால் அதைத் தயங்காமல் நம்பலாம். தேக்கம் இருந்தும் தாள் நனையவில்லை என்றால் சுரப்பு உண்மையிலேயே குறைவு. அதாவது, இந்தக் கண்ணில் குறைந்த அளவு நம்பத்தக்கது, கூடிய அளவு நம்பத்தக்கதல்ல. சாயப் படலம் உடையும் நேரம் நேர்மாறாக ஏமாற்றும். பையிலிருந்து வரும் சளியும் சீழும் படலத்தைக் கலைப்பதால், சுரப்பு நன்றாக இருப்பவருக்கும் நேரம் குறைவாகவே காட்டும்.

இதற்கு இரண்டு பரிகாரம். ஒன்று, மரப்புச் சொட்டு விட்டு, கீழ் இமைக் குழியில் நிற்கும் நீரை வடிதாள் முனையால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து ஷிர்மர் தாளை வைப்பது. அப்படி எடுத்தால் 5 மி.மீ.க்குக் கீழே வருவதைக் குறைவாகக் கொள்வார்கள். மற்றொன்று இன்னும் எளிது. அடைப்பில்லாத கண்ணைப் பாருங்கள். முடக்குவாதமோ ஷோகிரனோ இமை எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறோ பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும். உங்கள் அம்மாவின் இடது கண்ணில் ஷிர்மர், படலம் உடையும் நேரம், சாயப் பொட்டு மூன்றும் என்ன சொல்கின்றனவோ, வலது கண் அடைப்பு நீங்கிய பின் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கப் போகிறது. வலது கண்ணுக்குத்தானே ஆபரேஷன் என்று இடது கண்ணைச் சோதிக்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குறை.

கடைசியாகப் பையை அழுத்திப் பார்ப்பதும் தண்ணீர் அடிப்பதும். மூக்கோரம் உள்ளங்கண் மூலையில் விரலால் அழுத்தும்போது துளை வழியே சீழோ சளியோ திரும்பி வந்தால் அடைப்பு பைக்குக் கீழே என்பது அப்போதே உறுதி. பிறகு 26 கேஜ் மழுங்கிய ஊசிக்குழலைக் கீழ் இமைத் துளையில் 2 மி.மீ. நேராக இறக்கி, இமையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக் கிடையாகத் திருப்பி, உப்புநீரை மெல்லச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது. மேல் துளை வழியாகத் திரும்பினால் அடைப்பு, துளைகளிலிருந்து பைக்குப் போகும் நுண்குழாய்கள் ஒன்றுசேரும் இடத்திலோ, பை அளவிலோ, அதற்குக் கீழேயோ. நுழைத்த துளையிலேயே திரும்பினால் நுண்குழாயில் அடைப்பு. அதற்குச் சாதாரண டிசிஆர் போதாது. சீட்டில் வெறுமனே ‘அடைப்பு’ என்று எழுதியிருந்தால், எந்த இடத்தில், முழுதா பாதியா, சீழ் வந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி முடிவெடுப்பது. டிசிஆர் என்றால் கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பில் சன்னல் வெட்டிப் புதுவழி உண்டாக்குவது. 1904-ல் இத்தாலியின் டோட்டி வெளித்தோல் வழியாகச் செய்யும் முறையை எழுதினார். இப்போது மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பிலும் செய்கிறார்கள். இரண்டிலும் இமையோரத் துளைகளும் நுண்குழாய்களும் அப்படியே இருக்கும். துளையின் வாய் சுமார் 0.3 மி.மீ. தான். ஆகவே டிசிஆர் கண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடாது, பழைய வடிகாலைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். சுரப்பு நன்றாக உள்ளவருக்குக் கண் காய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். துளையையே வெட்டி அகலமாக்குவதும், நுண்குழாய்களைத் தாண்டிக் கண்ணாடிக் குழாய் வைப்பதும் வேறு கணக்கு. வறட்சி உள்ளவருக்கு அவற்றைச் செய்யும் முன் பலமுறை யோசிக்க வேண்டும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்து துளைகள் தழும்பேறி மூடியவர்களுக்கு அந்த மூடலே பாதுகாப்பு, திறக்கவே கூடாது.

சீழ் இல்லை, பாதி அடைப்புதான், வறட்சி அறிகுறிகளும் இருக்கின்றன என்றால் கத்தியைத் தொடாமல் முதலில் வறட்சிக்கு வைத்தியம் பார்ப்பதே முறை. தினமும் 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம், இமை ஓரத்தைச் சுத்தம் செய்து லேசாகப் பிழிவது, ப்ரிசர்வேடிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் நாலைந்து வேளை. இப்படி 4 முதல் 6 வாரம் பார்த்துவிட்டுத் திரும்பச் சோதித்தால், சிலருக்கு நீர் வடிவதே நின்றிருக்கும். ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண் தாங்குவது சுமார் 30. அதனால் இரண்டு சொட்டு அடுத்தடுத்து விடுவது வீண்.

முழு அடைப்பும் சீழும் இருந்தால், வறட்சி இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. வறண்ட கருவிழியில் சின்னச் சின்னக் காயங்கள் இருந்துகொண்டே இருக்கும், அதன் பக்கத்திலேயே கிருமி நிறைந்த பை. கருவிழிப் புண் வர இதைவிட வேறென்ன வேண்டும்? பின்னால் கண்புரை ஆபரேஷன் தேவைப்பட்டால் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடும் ஆபத்தும் உண்டு. வறட்சி லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், அதற்கு முன்கூட்டியே மருந்து ஆரம்பித்துவிட்டு டிசிஆர் செய்யலாம். ஷிர்மர் 5-க்குக் கீழே, சாயப் பொட்டு ஏராளம், ஷோகிரன் உறுதி என்றால் டிசிடி நல்ல மாற்று. பையை மட்டும் எடுத்துவிடுவது, மூக்குக்குப் புதுவழி வெட்டுவதில்லை. கிருமியின் இருப்பிடம் போய்விடும், கொஞ்சமாகச் சுரக்கும் கண்ணீர் கண்ணிலேயே தங்கும், ஆபரேஷனும் சீக்கிரம் முடியும். பிற்காலத்தில் சுரப்பு கூடினால் நீர் வழியும் என்பதுதான் இதன் குறை. இருந்தாலும் கடுமையான வறட்சியில் அந்த வழிதலைத் தாங்கிக்கொள்ளலாம். காய்ந்துபோன கருவிழியைத் தாங்க முடியாது என்பதே என் கருத்து.

வறட்சிக்காகக் கண்ணீர்த் துளையை அடைக்கும் சின்ன பிளக் வைக்கலாமே என்று யாராவது சொன்னால், பையில் சீழ் இருக்கும்வரை கூடவே கூடாது. டிசிஆர் செய்து, உள்ளே வைத்த சிலிகான் குழாயையும் எடுத்து, பாதை சுத்தமான பிறகும் வறட்சி தொல்லை தந்தால், வெளியே தெரியும்படி இருக்கும் சிலிகான் பிளக்கை ஒரே ஒரு துளையில் வைத்துப் பார்க்கலாம். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். நுண்குழாய்க்குள் முழுதாகப் போய்விடும் வகையைத் தவிர்ப்பது நல்லது. அது உள்ளேயே சிக்கிச் சீழ் பிடித்தால் எடுப்பது பெரும்பாடு.

உங்கள் அம்மா விஷயத்தில் இன்னும் மூன்று. ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கத்துக்கென்று கெட்டோரோலாக், டைக்ளோஃபினாக், நெபாஃபெனாக் போன்ற சொட்டு எழுதினால், முடக்குவாதமும் வறட்சியும் இருப்பதை உடனே நினைவுபடுத்துங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அந்தச் சொட்டுகளால் கருவிழி கரைந்து ஓட்டை விழுந்ததுண்டு. மூட்டு வலிக்குச் சாப்பிடும் மாத்திரையும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். மூக்கும் எலும்பும் சம்பந்தப்பட்ட இந்த ஆபரேஷனில் அது பெரிய இடைஞ்சல். எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று வாத நோய் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால், கழுத்து வலியோ கைமரப்போ உண்டா என்பதை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாள்பட்ட முடக்குவாதத்தில் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கலாம் என்பதால் ஆபரேஷனுக்கு முன் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள்.